மூன்று ஆண்டு கிராமத்துக் கவுண்டியில்: பிள்ளையை எந்தப் பள்ளியில் சேர்ப்பது?

அமெரிக்காவின் வர்ஜீனியா மாநிலத்தில் மலைப்பக்கக் கவுண்டிகளுக்கு (மாவட்டம் போன்ற நிர்வாகப் பகுதிகள்) குடிபோகும் தமிழ்க் குடும்பங்கள் பலவற்றில் அப்பாவோ அம்மாவோ டாக்டராக இருப்பார். ஜே-1 என்ற பயிற்சி விசாவில் வந்து ரெசிடென்சி என்ற மருத்துவமனைப் பயிற்சியை முடித்தவர், இரண்டு ஆண்டு தாய்நாட்டுக்குத் திரும்பியாக வேண்டும் என்ற விதியிலிருந்து விலக்கு வாங்க வேண்டுமானால், டாக்டர்கள் போதாத பகுதியில் மூன்று ஆண்டு வேலை பார்த்தாக வேண்டும். கான்ராட் 30 என்ற அந்தத் திட்டத்தில் ஒவ்வொரு மாநிலமும் ஆண்டுக்கு 30 பேருக்குப் பரிந்துரை செய்யலாம். ஆஸ்பத்திரி முடிவாகிவிடும், சம்பளம் முடிவாகிவிடும். வீட்டில் கடைசிவரை ஓயாமல் பேசப்படுவது பிள்ளையின் பள்ளியைப் பற்றித்தான்.

அந்தப் பேச்சில் கிடைக்கும் யோசனைகள் முக்கால்வாசி வாஷிங்டன் நகரையொட்டிய ஃபேர்ஃபாக்ஸ், லௌடன் கவுண்டிகளில் இருக்கும் நண்பர்களிடமிருந்து வரும். அவர்கள் சொல்வது அவர்கள் ஊருக்குச் சரி. ஃபேர்ஃபாக்ஸ் கவுண்டியின் அரசுப் பள்ளிகளில் ஏறக்குறைய 1,80,000 பிள்ளைகள் படிக்கிறார்கள். ரேட்டிங் பார்த்து வீடு தேடலாம், இந்தத் தெருவா அந்தத் தெருவா என்று கணக்குப் போடலாம். மேற்கே ஹைலண்ட் கவுண்டிக்குப் போனால், 2020 கணக்கெடுப்பில் மொத்த மக்கள்தொகையே 2,300-க்குள். மான்டரே என்ற சிற்றூரில் ஒரு தொடக்கப் பள்ளி, ஒரு உயர்நிலைப் பள்ளி. அவ்வளவுதான் கவுண்டி. மற்ற கிராமத்துக் கவுண்டிகள் இந்த இரண்டுக்கும் நடுவில் வரும்: கவுண்டித் தலைநகரில் ஒரு பெரிய தொடக்கப் பள்ளி, மூலைகளில் ஒன்றிரண்டு சின்னப் பள்ளிகள், ஒரு நடுநிலைப் பள்ளி, ஒரே ஒரு உயர்நிலைப் பள்ளி.

இப்படிப்பட்ட இடத்தில் 'எது நல்ல பள்ளி' என்று தேட ஆரம்பித்தால் சுற்றிச் சுற்றி அதே இடத்துக்குத்தான் வருவோம். உங்கள் பிள்ளையின் எந்த மூன்று ஆண்டுகள் அங்கே கழியப்போகின்றன என்பதை முதலில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். கிண்டர்கார்டன் முதல் இரண்டாம் வகுப்பு வரையா, ஆறு முதல் எட்டா, ஒன்பது முதல் பதினொன்றா? ஒரே கவுண்டிக்கு இந்த மூன்று குடும்பங்களும் போனால் மூவருக்கும் விடை வேறு.

முகவரியில் உள்ள சிக்கல்

வர்ஜீனியாவில் கவுண்டி வேறு, நகரம் வேறு. இங்கே 'சிட்டி' என்று பெயர் பெற்ற 38 ஊர்கள் எந்தக் கவுண்டியிலும் அடங்காதவை. அவற்றுக்குத் தனி வரி, பெரும்பாலும் தனிப் பள்ளி நிர்வாகம். லெக்சிங்டன் நல்ல எடுத்துக்காட்டு. நாலு பக்கமும் ராக்பிரிட்ஜ் கவுண்டி சூழ்ந்த சின்ன நகரம். அந்த நகரம் எட்டாம் வகுப்பு வரை தன் பள்ளிகளைத் தானே நடத்துகிறது; ஒன்பதாம் வகுப்பிலிருந்து பிள்ளைகள் ராக்பிரிட்ஜ் கவுண்டியின் உயர்நிலைப் பள்ளிக்குப் போகிறார்கள். ஆகவே லெக்சிங்டனா, சுற்றியுள்ள கவுண்டியா என்ற கேள்வி எட்டாம் வகுப்பு வரைதான் அர்த்தமுள்ளது. பிள்ளை பத்தாவது என்றால் இரண்டு வீட்டிலிருந்தும் ஒரே பள்ளிதான். வாடகை குறைவான வீட்டைப் பாருங்கள்.

இன்னொன்று, தபால் முகவரியில் லெக்சிங்டன் என்று இருப்பதால் வீடு நகர எல்லைக்குள் இருக்கிறது என்று ஆகிவிடாது. கவுண்டிக்குள் பல மைல் தள்ளி இருக்கும் பண்ணை வீட்டுக்கும் அதே ஊர்ப்பெயர், அதே ஜிப் கோடு வரலாம். வீட்டு விளம்பரத்தில் போட்டிருக்கும் பள்ளிப் பெயரையும் நம்பக் கூடாது.

நகரம், கவுண்டி தவிர வேறு வழிகள் உண்டா என்று கேட்பார்கள். அரசுப் பணத்தில் தனி நிர்வாகத்தோடு நடக்கும் சார்ட்டர் பள்ளிகள் வர்ஜீனியாவில் விரல்விட்டு எண்ணக்கூடிய அளவுதான். கிராமத்துக் கவுண்டியில் அதை எதிர்பார்க்க வேண்டாம். பக்கத்துக் கவுண்டி, வெளியூர்ப் பிள்ளைகளைக் கட்டணம் வாங்கிக்கொண்டு சேர்க்கச் சட்டம் இடம் தருகிறது. ஆனால் இடம் இருந்தால்தான் சேர்ப்பார்கள், அடுத்த ஆண்டு தொடரும் என்ற உறுதி இல்லை, பஸ்ஸும் வராது. இரண்டு பேரும் வேலைக்குப் போகும் வீட்டில், அதிலும் ஒருவர் நைட் டியூட்டி பார்க்கும் வீட்டில், இது நடைமுறைக்கு ஒத்து வராது என்றே சொல்வேன். வர்ச்சுவல் வர்ஜீனியா என்று மாநிலமே நடத்தும் ஆன்லைன் பள்ளி இருக்கிறது. அதை முழுநேரப் பள்ளியாக எடுப்பதைவிட, உயர்நிலை வகுப்பில் ஒன்றிரண்டு பாடத்துக்குப் பயன்படுத்துவது புத்திசாலித்தனம். அந்த விஷயத்துக்குப் பின்னால் வருகிறேன்.

ரேட்டிங் என்ன சொல்கிறது

"அக்கா, அந்த ஸ்கூலுக்கு ரேட்டிங் நாலுதான் போட்டிருக்கான். தலைநகர்ல இருக்கிறதுக்கு ஆறு. அப்ப அதானே பெட்டர்?" இந்தக் கேள்வி அடிக்கடி என் காதில் விழுகிறது. வீடு தேடும் தளங்களில் ஒன்று முதல் பத்து வரை வரும் எண் கிரேட்ஸ்கூல்ஸ் தரும் மதிப்பீடு. அதன் அடிப்படை பெரும்பாலும் மாநிலத் தேர்வு முடிவுகள். வர்ஜீனியாவில் அந்தத் தேர்வுக்கு எஸ்ஓஎல் என்று பெயர். மூன்றாம் வகுப்பிலிருந்து எட்டு வரை ஆண்டுதோறும் வாசிப்பும் கணக்கும் உண்டு. பிள்ளைகள் நிறைய இருக்கும் பள்ளியில் அந்த எண் ஏதோ ஒன்றைச் சொல்கிறது. சின்னப் பள்ளியில் என்ன ஆகிறது என்று ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

மூலையில் உள்ள பள்ளியில் நாலாம் வகுப்பில் 18 பிள்ளைகள் என்று வைத்துக்கொள்வோம். முதல் ஆண்டு கணக்கில் 14 பேர் தேர்ச்சி: 78 சதவீதம். அடுத்த ஆண்டு 16 பேர்: 89 சதவீதம். மூன்றாம் ஆண்டு 12 பேர்: 67 சதவீதம். பார்க்கிறவர்களுக்குப் பள்ளி ஒரே ஆண்டில் ஓகோவென்று ஏறி, மறு ஆண்டே சரிந்துவிட்டது போலத் தெரியும். நடந்தது என்னவென்றால் இரண்டு பிள்ளைகள் அந்தப் பக்கம், நான்கு பிள்ளைகள் இந்தப் பக்கம். ஒரு பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தால் ஐந்தரை சதவீதம் போய்விடும். இப்போது தலைநகரில் உள்ள பள்ளியில் நாலாம் வகுப்பில் 110 பேர்; மூன்று ஆண்டுகளில் 85, 87, 86 பேர் தேர்ச்சி. எண் அசையாமல் 77, 79, 78 என்று நிற்கும். மூன்று ஆண்டையும் கூட்டினால் சின்னப் பள்ளியில் 54-க்கு 42, பெரிய பள்ளியில் 330-க்கு 258. இரண்டும் 78 சதவீதம்தான். ஒரே தரமுள்ள இரண்டு பள்ளிகளில் ஒன்றுக்கு நாலு, இன்னொன்றுக்கு ஆறு என்று போட்டு, ஒரு குடும்பம் அதை நம்பி வீடு வாங்குவதை நினைத்தால் மனசு கேட்க மாட்டேன் என்கிறது.

அதனால் எண்ணே வேண்டாம் என்று சொல்லவில்லை. மூலத்துக்குப் போங்கள். 2015-இல் வந்த மத்தியக் கல்விச் சட்டத்தின்படி ஒவ்வொரு பள்ளிக்கும் ஆண்டு அறிக்கை வெளியிட வேண்டும். வர்ஜீனியா கல்வித் துறையின் இணையதளத்தில் பள்ளி வாரியாக அது கிடைக்கும். மூன்று ஆண்டுகளைச் சேர்த்துப் பாருங்கள். பிள்ளைகள் மிகக் குறைவான பிரிவுகளில், யாருடைய மதிப்பெண் என்று ஊருக்குத் தெரிந்துவிடும் என்பதால், எண்ணை மறைத்துவிடுவார்கள். காலியாக இருப்பதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். உங்கள் பிள்ளை ஏற்கெனவே நன்றாகப் படிக்கிறவன் என்றால், தேர்ச்சி வீதத்தைவிட 'உயர்நிலைத் தேர்ச்சி' பெற்றவர்கள் எத்தனை பேர் என்று பாருங்கள். 400 வாங்கினால் தேர்ச்சி, 500-உம் அதற்கு மேலும் வாங்கினால் உயர்நிலைத் தேர்ச்சி. எல்லோரையும் 400-க்கு மேலே கொண்டுவரவே ஆசிரியர்களின் முழு நேரமும் போகிறதா, அதற்கு மேலும் தள்ளிவிடுகிறார்களா என்பது அதில் ஓரளவு தெரியும்.

பணவசதி குறைந்த பிள்ளைகளின் சதவீதத்தைப் பார்த்து மிரளுகிறவர்களும் உண்டு. அதிலும் ஒரு விஷயம் தெரிந்திருக்க வேண்டும். அரசு உதவித் திட்டங்களில் உள்ள பிள்ளைகள் நான்கில் ஒரு பங்கு இருந்தாலே ஒரு பள்ளி தன் பிள்ளைகள் எல்லோருக்கும் காலை, மதிய உணவை இலவசமாகத் தரும் திட்டத்தில் சேரலாம். 2023-க்கு முன்னால் இந்த வரம்பு 40 சதவீதமாக இருந்தது. அப்படிச் சேர்ந்த பள்ளியில் இலவச உணவு வாங்குவோர் 100 சதவீதம் என்று சில தளங்களில் வரும். உங்கள் டாக்டர் வீட்டுப் பிள்ளையும் சேர்ந்தால் அதே 100-இல்தான் இருப்பான்.

வராமை பற்றிய எண்ணையும் பாருங்கள். அதைப் பார்க்கும்போதே நம் வீட்டுக் கதையையும் பார்க்க வேண்டும். பத்து சதவீத நாட்கள், அதாவது 180-இல் 18 நாள் வராவிட்டால் அந்தப் பிள்ளை 'நீண்ட வராமை'ப் பட்டியலில் சேரும். டிசம்பரில் ஊருக்குப் போய்ப் பொங்கல் முடிந்து திரும்பும் குடும்பங்கள் இதில் சுலபமாக மாட்டிக்கொள்ளும். வர்ஜீனியாவில் தொடர்ந்து 15 பள்ளி நாட்கள் வராவிட்டால் பெயரைப் பதிவேட்டிலிருந்தே எடுத்துவிடுவார்கள்; திரும்பி வந்து மறுபடி சேர்க்க வேண்டும். பயணத்தைக் கோடையில் வைத்துக்கொள்ள முடிந்தால் நல்லது.

சின்ன வகுப்புகளுக்கு

கிண்டர்கார்டன் முதல் நான்கு, ஐந்து வரையான ஆண்டுகள்தான் உங்களுக்கு அமையும் என்றால், என் தேர்வு வீட்டுக்குப் பக்கத்திலிருக்கும் சின்னப் பள்ளி. ஒரு வகுப்புக்கு ஒரே பிரிவு, மொத்தம் 120, 150 பிள்ளைகள். பிரின்சிபல் காலையில் கார் வரிசையில் நின்று ஒவ்வொரு பிள்ளையையும் பெயர் சொல்லிக் கூப்பிடுவார். ஊர் மாறி வந்த பிள்ளைக்கு, அதுவும் வகுப்பில் தன் நிறத்தில் வேறு யாரும் இல்லாத பிள்ளைக்கு, இது சாதாரண விஷயம் இல்லை. அவன் மதியம் சாப்பிடாமல் வந்தால் அன்று சாயங்காலமே உங்களுக்குச் செய்தி வரும். சாப்பாட்டைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன்: சைவம் மட்டும் சாப்பிடும் பிள்ளைக்குப் பள்ளி மெனுவில் சீஸ் பிட்சா, பழம், பால் என்று சுற்றிச் சுற்றி அதே வரும். சின்னப் பள்ளியில் உணவுக்கூடப் பொறுப்பாளரிடம் நேரில் போய்ப் பேசலாம். டப்பா கட்டிக் கொடுப்பதே மேல் என்பது வேறு.

இதன் மறுபக்கத்தையும் மறைக்கக் கூடாது. ஒரு வகுப்புக்கு ஒரே பிரிவு என்றால், அந்த ஆண்டு டீச்சர் சரியாக அமையாவிட்டால் மாற்றிக் கேட்க இன்னொரு டீச்சர் இல்லை. பிள்ளைக்கு ஒரு நண்பனோடு சண்டை வந்தால் ஆறு ஆண்டும் அதே நண்பன்தான். பிள்ளைகள் குறைந்த ஆண்டில் இரண்டு வகுப்பை ஒன்றாக உட்கார வைப்பதும் உண்டு. ஆகவே சின்னப் பள்ளியைத் தேர்ந்தெடுக்கும் முன் பார்க்க வேண்டிய முதல் விஷயம் ஆசிரியர்கள் நிலையாக இருக்கிறார்களா என்பது. ஒரே கவுண்டிக்குள் எல்லாப் பள்ளிக்கும் ஒரே சம்பளப் பட்டியல்தான். சம்பளத்தால் வித்தியாசம் வராது. பிரின்சிபலாலும் தூரத்தாலும்தான் வரும். கேள்வியை நேராகக் கேளுங்கள்: 'மூன்று முதல் ஐந்து வரை உள்ள ஆசிரியர்களில் மூன்று ஆண்டுக்கு மேல் இதே பள்ளியில் இருப்பவர்கள் எத்தனை பேர்? இப்போது எந்த வகுப்பிலாவது தற்காலிக ஆசிரியர் இருக்கிறாரா?' நிலையான பள்ளியின் பிரின்சிபல் இதற்கு யோசிக்காமல் பெயர் பெயராகச் சொல்வார். தற்காலிக உரிமத்தில் பாடம் நடத்தும் ஆசிரியர்களின் விகிதம் மாநில அறிக்கையிலும் இருக்கும்.

இரண்டாவது விஷயம், அந்தப் பள்ளி மூன்று ஆண்டு இருக்குமா என்பது. அமெரிக்காவில் 1940 வாக்கில் 1,17,000 பள்ளி நிர்வாகங்கள் இருந்தன. இப்போது சுமார் 13,000. கிராமத்துச் சின்னப் பள்ளிகளைச் சேர்த்துச் சேர்த்து வந்த கணக்கு அது, இன்னும் முடியவில்லை. பிள்ளைகள் குறைந்துகொண்டே வரும் கவுண்டியில், கூரையோ பாய்லரோ பெரிய செலவு வைத்தால், 'மூடிவிட்டுத் தலைநகர்ப் பள்ளியோடு சேர்த்துவிடலாம்' என்ற பேச்சு எழும். வர்ஜீனியாவில் பள்ளி வாரியத்துக்குச் சொந்தமாக வரி போடும் அதிகாரம் கிடையாது. பணத்துக்குக் கவுண்டி மேற்பார்வையாளர் குழுவிடம்தான் போக வேண்டும். அதனால் இந்தப் பேச்சு இரண்டு கூட்டங்களிலும் ஓடும். பள்ளிகளை இணைக்கும் முன் பொதுமக்களிடம் கருத்துக் கேட்டாக வேண்டும் என்பது சட்டம், ஆகவே திடீரென்று பூட்டிவிட மாட்டார்கள். கடந்த ஓராண்டுப் பள்ளி வாரியக் கூட்டங்களின் நிகழ்ச்சி நிரலை எடுத்துப் படித்துப் பாருங்கள், பொதுவில் கிடைக்கும். ராஜினாமா செய்த ஆசிரியர்களின் பட்டியலும் பல இடங்களில் அதிலேயே இருக்கும்.

பெரிய பள்ளி தெளிவாக ஜெயிக்கும் இடம் ஒன்று உண்டு. பிள்ளைக்குப் பேச்சுப் பயிற்சியோ, கற்றலில் தனி உதவியோ தேவைப்பட்டால் நான் யோசிக்காமல் தலைநகர்ப் பள்ளியைச் சொல்வேன். உரிமை எல்லாப் பள்ளியிலும் ஒன்றுதான். 1975-இல் வந்த மத்தியச் சட்டம் அதை உறுதி செய்கிறது. ஆனால் அந்த உதவியைச் செய்யும் ஆள் எங்கே உட்கார்ந்திருக்கிறார் என்று ஒன்று இருக்கிறதே. மூலைப் பள்ளிக்குப் பேச்சுப் பயிற்சியாளர் வாரத்தில் குறிப்பிட்ட நாளில் காரில் வந்து போவார். பனி பெய்து அன்று பள்ளி லீவு என்றால் அந்த வாரப் பயிற்சி தள்ளிப்போகும். பெரிய பள்ளியில் அவர் அங்கேயே இருக்க வாய்ப்பு அதிகம். எங்கே சேர்த்தாலும் மதிப்பீட்டுக்கான கோரிக்கையை எழுத்தில் கொடுங்கள். வர்ஜீனியாவில் கோரிக்கை வந்ததிலிருந்து 65 வேலை நாட்களுக்குள் மதிப்பீட்டை முடிக்க வேண்டும். வாயால் சொன்னால், எந்தத் தேதியில் சொன்னோம் என்பதற்கு ஆதாரம் இருக்காது.

சேர்க்கைப் படிவத்தில் 'வீட்டில் பேசும் மொழி என்ன' என்று கேட்பார்கள். தமிழ் என்று தயங்காமல் எழுதுங்கள். அதனால் பிள்ளைக்கு ஆங்கிலத் திறன் சோதனை ஒன்று வைப்பார்கள், அவ்வளவுதான். இங்கேயே பிறந்து வளர்ந்த பிள்ளை தேறிவிட்டால் அத்தோடு முடிந்தது. ஊரிலிருந்து புதிதாக வந்த பிள்ளைக்கு ஆங்கில உதவி கிடைப்பது உரிமை. ஆனால் அந்த ஆசிரியரும் இரண்டு மூன்று பள்ளிக்குப் பொதுவானவராக இருப்பார், ஆகவே 'வாரத்தில் எத்தனை மணி நேரம்' என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

பஸ்

கிராமத்துக் கவுண்டியில் பள்ளியின் தரத்தைவிடப் பிள்ளையின் நாளை அதிகம் தீர்மானிப்பது பஸ். வரைபடத்தில் பன்னிரண்டு மைல் என்று காட்டும். மலைப்பாதையில் ஒவ்வொரு வீட்டுச் சந்திலும் நின்று நின்று போகும் பஸ்ஸுக்கு அது ஒரு மணி நேரம் ஆகலாம். காலையில் ஆறரைக்கு இருட்டில் ஏறி, சாயங்காலம் நாலரைக்கு இறங்கும் ஏழு வயதுப் பிள்ளைக்கு அதற்குப் பிறகு விளையாட்டு ஏது, தமிழ் படிக்க நேரம் ஏது? பள்ளி நிர்வாகத்தின் போக்குவரத்து அலுவலகத்துக்குப் போன் செய்து, நீங்கள் பார்த்திருக்கும் வீட்டு முகவரியைச் சொல்லி, எந்த பஸ், எத்தனை மணிக்கு ஏற வேண்டும், எத்தனை மணிக்கு இறக்கிவிடும் என்று கேளுங்கள். அதே பஸ்ஸில் உயர்நிலைப் பள்ளிப் பிள்ளைகளும் ஏறுகிறார்களா என்றும் கேளுங்கள். பல கிராமத்துக் கவுண்டிகளில் சின்னவர், பெரியவர் எல்லோரும் ஒரே பஸ்தான். ஒரு வழிக்கு நாற்பத்தைந்து நிமிடத்தைத் தாண்டினால், தொடக்கப் பள்ளிப் பிள்ளைக்கு நான் அந்த வீட்டையே விட்டுவிடுவேன்.

ஆறாவது முதல் எட்டாவது வரை

இந்த வயதில் ஒரே ஒரு கேள்வி மற்ற எல்லாவற்றையும் விடப் பெரியது: எட்டாம் வகுப்பில் அல்ஜீப்ரா 1 இருக்கிறதா, அதை யார் நடத்துகிறார்? எட்டில் அதை முடித்தால் ஒன்பதில் ஜியாமெட்ரி, பத்தில் அல்ஜீப்ரா 2, பதினொன்றில் ப்ரீ-கால்குலஸ், பன்னிரண்டில் கால்குலஸ் என்று வரிசையாக நடக்கும். ஒன்பதில் தொடங்கினால் கால்குலஸ் வரை போக எங்காவது ஒரு கோடையைத் தியாகம் செய்ய வேண்டும். மூன்று ஆண்டு முடிந்து நீங்கள் லௌடனுக்கோ டெக்ஸஸுக்கோ போகும்போது, பிள்ளை கையோடு கொண்டுபோவது கணக்கு வரிசையில் எட்டியிருக்கும் இந்த இடத்தைத்தான். மற்ற பாடங்களில் விட்டதை ஓராண்டில் பிடித்துவிடலாம்.

கவுண்டியின் அமைப்பு இங்கேதான் வேலை செய்கிறது. சில கவுண்டிகளில் தொடக்கப் பள்ளியே ஏழாம் வகுப்பு வரை போகும், எட்டிலிருந்து உயர்நிலைப் பள்ளி. சில இடங்களில் ஆறு முதல் பன்னிரண்டு வரை ஒரே கட்டடம். அப்படி ஒரே கட்டடமாக இருந்தால் கணக்கில் வேகமான ஏழாம் வகுப்புப் பிள்ளை நடைபாதையைக் கடந்து போய் மேல்வகுப்பில் உட்காரலாம். ஏழு வரை மூலைப் பள்ளியில் என்றால், ஆறு ஏழில் விரைவுக் கணக்குக்கு நான்கைந்து பேர்தான் தேறுவார்கள். தனி வகுப்பு நடத்த ஆள் இருக்காது, மூலையில் உட்கார வைத்து கம்ப்யூட்டரில் செய்யச் சொல்வார்கள். ஆகவே இந்த வயதுக்கு என் தேர்வு தலைநகர்ப் பள்ளி. பஸ் ஒரு மணி நேரம் என்றாலும் ஏற்றுக்கொள்வேன்.

எட்டில் எடுக்கும் அல்ஜீப்ரா மதிப்பெண் உயர்நிலைப் பள்ளிப் பதிவில் ஏறும். சரியாக வரவில்லை என்றால் அந்த மதிப்பெண்ணைப் பதிவில் சேர்க்க வேண்டாம் என்று பெற்றோர் கேட்க வர்ஜீனியா விதி இடம் தருகிறது. கேட்பதற்குக் கெடு உண்டு, பள்ளியில் மாணவர்களுக்கு வழிகாட்டும் கவுன்சிலரிடம் தேதியைத் தெரிந்துகொள்ளுங்கள்.

ஒன்பதுக்கு மேல்

உயர்நிலைப் பள்ளி கவுண்டிக்கு ஒன்று என்பதால், இங்கே ஒப்பீடு இரண்டு கவுண்டிகளுக்கு இடையில்தான். பாடப் பட்டியல் புத்தகம் என்று ஒன்று ஒவ்வொரு பள்ளியும் வெளியிடும். அதைப் பார்த்து மயங்க வேண்டாம். ஏபி கெமிஸ்ட்ரி, ஏபி பிசிக்ஸ் என்று காலேஜ் தரத்தில் நடத்தும் ஏபி பாடங்கள், கால்குலஸ், ஸ்பானிஷ் 4 எல்லாம் இருக்கும். பக்கத்திலேயே 'போதுமான மாணவர்கள் சேர்ந்தால் மட்டும்' என்று சின்ன எழுத்தில் ஒரு வரியும் இருக்கும். கவுன்சிலரிடம், 'இந்த ஆண்டு இப்போது நடந்துகொண்டிருக்கும் ஏபி வகுப்புகள் எவை, ஒவ்வொன்றிலும் எத்தனை பேர்' என்று கேளுங்கள். அப்புறம் கால அட்டவணையைக் காட்டச் சொல்லுங்கள். 300 பேர் படிக்கும் பள்ளியில் பெரிய பாடங்கள் நாளுக்கு ஒரே ஒரு வேளைதான் நடக்கும். ஏபி கெமிஸ்ட்ரியும் பேண்ட் இசை வகுப்பும் ஒரே நேரத்தில் வந்தால் பிள்ளை ஒன்றை விட்டாக வேண்டும்.

மொழிப் பாடத்தைத் தனியாகப் பாருங்கள். அட்வான்ஸ்டு ஸ்டடீஸ் டிப்ளமா என்ற மேல்தரப் பள்ளிச் சான்றிதழுக்கு 26 கிரெடிட் (முடித்த பாடங்களுக்கான அலகு) வேண்டும். அதில் ஒரே வெளிநாட்டு மொழி மூன்று ஆண்டு, அல்லது இரண்டு மொழி இரண்டிரண்டு ஆண்டு. கவுண்டியில் இருக்கும் ஒரே ஸ்பானிஷ் டீச்சர் வேலையை விட்டுப் போனால் என்ன ஆகும்? அங்கேதான் வர்ச்சுவல் வர்ஜீனியா கைகொடுக்கும். பள்ளி வழியாகச் சேர்ந்து, பள்ளி நேரத்திலேயே ஆன்லைனில் படிக்கலாம். ஏபி பாடங்களும் அதில் உண்டு. ஆனால் தானாக உட்கார்ந்து படிக்கும் பிள்ளைக்குத்தான் அது சரிப்படும்.

கிராமத்துப் பள்ளிகளின் உண்மையான பலம் ட்யூவல் என்ரோல்மெண்ட். பக்கத்துக் கம்யூனிட்டி காலேஜின் பாடத்தைப் பள்ளியிலேயே படித்து, இரண்டு பக்கமும் கிரெடிட் வாங்குவது. வர்ஜீனியாவில் 23 கம்யூனிட்டி காலேஜ்கள் இருக்கின்றன. 16 கிரெடிட் கொண்ட 'பாஸ்போர்ட்' என்ற பாடத் தொகுப்பு, 30 கிரெடிட் கொண்ட பொதுக்கல்விச் சான்றிதழ் என்று முறைப்படுத்தியிருக்கிறார்கள், மாநிலத்தின் அரசுப் பல்கலைக்கழகங்களுக்கு மாற்றிக்கொள்வதற்காகவே. பிள்ளை வர்ஜீனியா டெக் போன்ற இடத்துக்குப் போவான் என்றால் இது பெரிய சேமிப்பு. வெளிமாநிலத் தனியார் பல்கலைக்கழகங்கள் பல இதை ஏற்பதில்லை. ஏபி வேண்டும் என்பார்கள். இன்னொன்றையும் டாக்டர் வீட்டுப் பெற்றோர்கள் கவனிக்க வேண்டும்: இது நிஜமான காலேஜ் மதிப்பெண். பதினாறு வயதில் வாங்கிய சி கிரேடு, பிறகு மெடிக்கல் ஸ்கூலுக்கு விண்ணப்பிக்கும்போதும் சேர்த்துக் காட்ட வேண்டியது. பிள்ளையின் தலையில் நான்கைந்து பாடத்தைச் சுமத்தும் முன் இதை நினைத்துக்கொள்ளுங்கள்.

சில பகுதிகளில் பல கவுண்டிகள் சேர்ந்து, நன்றாகப் படிக்கும் பிள்ளைகளுக்காக கவர்னர்ஸ் ஸ்கூல் என்ற பள்ளியை நடத்துகின்றன. ஷெனண்டோவா பள்ளத்தாக்கில் ஃபிஷர்ஸ்வில்லில் இருப்பது அப்படி ஒன்று. அரை நாள் அங்கே, மீதி நாள் சொந்தப் பள்ளியில். இரண்டு கவுண்டிகளுக்கு இடையே முடிவெடுக்க முடியாமல் திண்டாடினால், இப்படி ஒரு பள்ளியில் சேர்ந்திருக்கும் கவுண்டியை எடுத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு கவுண்டிக்கும் இத்தனை இடம் என்று இருக்கும், பத்தாவது முடியும் முன்பே விண்ணப்பம் வந்துவிடும் என்பதால், வேலை ஒப்பந்தம் பேசும்போதே விசாரித்துவிடுங்கள்.

ஏபி குறைவாக இருக்கும் பள்ளியில் படித்தால் காலேஜ் கிடைக்காதோ என்ற பயம் வேண்டாம். விண்ணப்பத்தோடு பள்ளியைப் பற்றிய குறிப்பு ஒன்றைக் கவுன்சிலர் அனுப்புவார்; அங்கே என்ன கிடைத்ததோ அதில் பிள்ளை எவ்வளவு எடுத்தான் என்று பார்ப்பார்கள். பயப்பட வேண்டியது வேறு ஒன்றுக்கு: பதினொன்றாம் வகுப்பின் நடுவில் மாற்றுவது. கிரெடிட், ரேங்க், பரிந்துரைக் கடிதம் எழுதும் ஆசிரியர் எல்லாம் அறுந்துபோகும். ஒப்பந்தம் அந்த ஆண்டில் முடிகிறது என்றால், ஆஸ்பத்திரியிடம் பேசி ஓராண்டு நீட்டிக்க முடியுமா என்று பாருங்கள். அல்லது ஒன்பதாவது தொடங்கும் முன்பே பிள்ளை படிக்கப்போகும் ஊரை முடிவு செய்துவிடுங்கள்.

வாடகை ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடும் முன் செய்ய வேண்டிய வேலை ஒன்று மட்டும் மிச்சம். வீட்டின் முழு முகவரியையும் எழுதி, பிள்ளையின் வகுப்பைக் குறிப்பிட்டு, 'இந்த முகவரிக்கு எந்தப் பள்ளி, எந்த பஸ்' என்று பள்ளி நிர்வாகத்தின் மாணவர் சேவை அலுவலகத்துக்கு மின்னஞ்சல் அனுப்பிப் பதில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். சேர்க்கைக்கு வீட்டு முகவரிச் சான்று, பிறப்புச் சான்றிதழ், தடுப்பூசிப் பதிவு, தொடக்கப் பள்ளி என்றால் டாக்டர் கையெழுத்திட்ட உடல் பரிசோதனைப் படிவம் கேட்பார்கள். விசா நிலையைக் காரணம் காட்டி எந்தப் பிள்ளையையும் சேர்க்க மறுக்க முடியாது. உச்ச நீதிமன்றம் 1982-இலேயே தீர்ப்புச் சொல்லிவிட்டது. தடுப்பூசிப் பதிவு ஊரில் போட்டதாக இருந்தால் தேதிகளோடு ஆங்கிலத்தில் எழுதி வாங்கிவிடுங்கள். பள்ளி திறக்கும் ஆகஸ்ட் மாதத்தில் அந்தப் பக்கம் குழந்தை மருத்துவரிடம் அப்பாயிண்ட்மெண்ட் கிடைப்பது லேசில் நடக்காது.